ஜீப்புக்கு அடியில் அடி டீச்சர்

பதுளை மாவட்டத்தில் வானத்தைப் பார்த்ததைவிட வாகனங்களின் வயிற்றை அதிக நேரம் பார்த்த ஒரே மனிதப் பிறவி எங்கள் அடி டீச்சர்தான். இதை நான் எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். மறுப்பவர்கள் பதுளையிலிருந்து பசறை வரை உள்ள எந்தத் தேநீர்க்கடையிலும் விசாரித்துக்கொள்ளலாம். அவருடைய முகம் ஞாபகமில்லை என்பார்கள். பாதங்கள் இரண்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்பார்கள்.

அடி என்றதும் உங்களுக்குப் பிரம்பு ஞாபகம் வரும். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கணிதப் பாடம் தொடங்கும் முன்பே இரண்டு பேர் அழுதுவிடுவார்கள். உண்மையில் அவர் தன் சேவைக்காலம் முழுவதும் ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. அடித்ததெல்லாம் உடன் வேலைசெய்த ஆசிரியர்களான எங்களைத்தான், அதுவும் வாயால். இந்த அடி வேறு அடி. "கணித டீச்சர் எங்க?" என்று யார் கேட்டாலும் எங்கள் பாடசாலையில் ஒரே பதில்தான்: "அடியில." எதற்கு அடியில் என்று விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

டீச்சர் இப்போது ஓய்வு பெற்று, பண்டாரவளையில் தங்கையுடன் இருக்கிறார். இதை வாசிப்பார். வாசித்ததும் பிழைகளை எண்ணி எனக்குத் தொலைபேசி எடுப்பார் என்பதும் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலை நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் நடுவே இருந்தது. பதுளையிலிருந்து வரும் ஆசிரியர்கள், டீச்சர் நீங்கலாக, நான்கு பேர். பஸ் பிரதான வீதிச் சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்கு மேலே மூன்று மைல், ஏற்றம், அட்டைக்கடி. ஆகவே டீச்சரின் ஜீப்பில் போனோம். அது எனக்கு அண்ணன் முறை. நான் பிறப்பதற்கு முன்பே ஒரு தோட்டத்துத் துரையைச் சுமந்து, பிறகு மரக்கறி சுமந்து, கடைசியில் எங்களைச் சுமக்கும் கதிக்கு வந்திருந்தது.

அதன் ஸ்பிரிங் பட்டைகள் சுமந்து சுமந்து தொய்ந்துவிட்டன. அதனால் ஜீப்பின் வயிறு வருஷத்துக்கு வருஷம் நிலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ரோடோ மழைக்கு மழை வளர்ந்துகொண்டிருந்தது; அதாவது மண் கழுவிப்போய்க் கல் எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் "டங்" என்று ஒரு சத்தம் கேட்கும். அடுத்த கணம் பிரேக். அதற்கடுத்த கணம் டீச்சரின் குரல்.

"எறங்குங்க எல்லாரும்."

கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் தடித்த படங்குத் துணி ஒன்று எப்போதும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். அதை ரோட்டில் விரித்து, முந்தானையை இழுத்துச் செருகி, டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, மல்லாந்தபடி ஜீப்புக்கு அடியில் வழுக்கிப் போவார். சேலை கசங்காது. அது எப்படி என்று எங்கள் பெண் ஆசிரியர்கள் பல முறை கேட்டும் அவர் அந்த இரகசியத்தை மட்டும் சொல்லவில்லை. அப்புறம் பாதங்கள் மட்டும்தான். கால் மணி நேரத்துக்கு அந்தப் பாதங்களோடு பேசிக்கொண்டு நாங்கள் மழையில் நிற்போம்.

"டீச்சர், ஏன் இப்படி?" என்று நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேட்டேன்.

"இந்த ஜீப்ப வாங்குறப்போ விக்கிறவரு, புரோக்கரு, மெக்கானிக்கு, எங்க மச்சான், இப்படி நாலு ஆம்பளைங்க சுத்தி நின்னு 'அடியெல்லாம் கல்லு மாதிரி இருக்கு'ன்னாங்க சேர். ஒருத்தராவது குனியணுமே? பத்தாம் நாளு தெமோதரைப் பக்கம் எறங்கிக்கிட்டு இருக்கேன், ஒரு சக்கரம் என்னைய முந்திக்கிட்டு ஓடுது. யாருடா இவ்வளவு அவசரமா போறான்னு பாத்தா, அது என்னோட சக்கரம்."

அன்றிலிருந்து குனியாதவன் சொல்லும் எதையும் அவர் நம்பவில்லை.

அவருடைய பரிசோதனை கணித ஆசிரியர் வினாத்தாள் திருத்துவதைப் போன்றது. அடியில் கல் பட்ட ஒவ்வொரு கீறலையும் சுற்றி, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியால் வட்டம் போடுவார். வெள்ளை வட்டம் என்றால் பழைய காயம், பயமில்லை. சிவப்பு வட்டம் என்றால் சந்தேகம். வட்டமே இல்லாத கீறல் கண்ணில் பட்டால் அது இன்றைக்கு வாங்கியது. தமிழ் ஆசிரியன் நான், "சிவப்பு வெண்கட்டி" என்று எழுதக் கூடாதுதான். ஆனால் அதை ஆறு வருஷம் சட்டைப்பையில் சுமந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

"துருவப் பாருங்க சேர்," என்று கீழிருந்து பாடம் வரும். "பழைய காயம் செவந்து கெடக்கும். புதுக்காயம் பல்லு வெளக்கின மாதிரி மின்னும். யூ போல்ட்டு முனை தேஞ்சிருக்கான்னு பாக்கணும், ஷொக் நெளிஞ்சிருக்கான்னு பாக்கணும், அக்சல் மேல எழும்பி இந்த ரப்பர் கட்டையில அடிச்சிருக்கான்னு பாக்கணும். கேக்குறீங்களா?"

"கேக்குறேன் டீச்சர்." நான் குடையைப் பிடித்துக்கொண்டு கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இது போதாதென்று தினமும் காலையில் பதுளையில் புறப்படுமுன் அடிமட்டத்தால் நான்கு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடைப்பட்ட உயரத்தை அளந்து கொப்பியில் எழுதுவார். அந்தக் கொப்பியால் மிகவும் புண்பட்டவர் எங்கள் விளையாட்டுப் பாட ஆசிரியர். அவரைப் பி.டி. சேர் என்போம். பெயருக்குத்தான் விளையாட்டு, உருவம் பார்வையாளர் பகுதி. அவர் வழக்கமாக உட்காருவது பின்பக்கம், இடது மூலை. அவர் ஏறி உட்கார்ந்த பிறகும் டீச்சர் ஒரு முறை அளப்பார்.

தீபாவளி விடுமுறை முடிந்த முதல் நாள். டீச்சர் அளந்தார். கொப்பியைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"சேர், லீவுக்கு முன்னாடி நீங்க ஏறினா இந்த மூலை பதினாறு இஞ்சி. இன்னைக்குப் பதினஞ்சரை. அரை இஞ்சிக்கு என்னா சாப்பிட்டீங்க?"

"டீச்சர், ஸ்பிரிங் களைச்சிருக்கும்."

"ஸ்பிரிங்கு லீவுல வீட்டுலதான் இருந்திச்சு சேர். பலகாரம் சாப்பிட்டது நீங்க."

அன்று முதல் பி.டி. சேர் நடுவில் உட்கார வைக்கப்பட்டார், இரண்டு பக்கமும் சமமாகத் தொய்வதற்காக.

இவ்வளவும் முடித்து நாங்கள் பாடசாலைக்குப் போய்ச் சேரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி, தினமும் தாமதமாக வருவதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார். டீச்சர் எட்டுப் பக்கத்தில் விளக்கம் அனுப்பினார். எந்தக் கல், எத்தனை மணிக்கு, எந்தப் போல்ட்டில் பட்டது என்று அளவுத்திட்டத்துடன் வரைபடம் வேறு. கடைசி வரியில், நேரில் வந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும் என்று எழுதியிருந்தார். அதிகாரி உண்மையிலேயே வந்தார். சந்தி வரை வந்து, காரிலிருந்து இறங்காமல் ரோட்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த வாரம் கடிதம் வந்தது: விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அவர் தன் வாகனத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊரில் எந்த வாகனம் நின்றாலும் அடியில் போய்விடுவார். ஒரு தடவை அரசியல்வாதி ஐயா ஒருவர் எங்கள் ரோட்டைத் திறந்து வைக்க வந்தார். மூன்று மைல் ரோட்டில் பாடசாலைக்கு முன்னால் மட்டும் இருநூறு அடி கொங்கிரீட் போட்டு, அதற்கு இந்தப் பக்கம் ஒரு ரிப்பன், அந்தப் பக்கம் ஒரு ரிப்பன். மாலை விழுந்தது, பட்டாசு வெடித்தது, ஐயா பேசத் தொடங்கினார். அபிவிருத்தி என்ற சொல்லைப் பதினோராவது தடவை அவர் சொன்னபோது, பாதுகாப்புக்கு வந்தவர்களில் ஒருவர் ஐயாவின் புத்தம் புது ஜீப்புக்கு அடியில் இரண்டு கால்களைக் கண்டு அலறினார். நான்கு பேர் பாய்ந்து போனார்கள்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்று ஜீப்பின் வயிற்றிலிருந்து குரல் வந்தது.

டீச்சர் வெளியே வந்து, சேலையைத் தட்டிவிட்டு, நேரே மேடைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, ஒங்க ஜீப்பு புதுசு. ஆனா அடியில மூணு காயம் இருக்கு. மூணும் இன்னைக்குப் பட்டது, இன்னும் மின்னுது. இந்த இருநூறு அடியில ஒண்ணும் படல, அத நல்லா போட்டிருக்கீங்க. மிச்ச ரோட்டையும் ஒருக்கா படுத்துப் பாத்தீங்கன்னா நல்லம்."

ஐயா கமெராவுக்குச் சிரித்தபடியே, பல்லிடுக்கால் கேட்டார்: "நீங்க எந்தச் சங்கம்?"

"எங்க பாடசாலைக் கணித சங்கம், ஐயா."

ரோடு அதற்குப் பிறகும் வரவில்லை. ஐயாவும் வரவில்லை. இரண்டாவதைச் சேவையாகவே எடுத்துக்கொண்டோம்.

இப்படி ஊரைச் சிரிக்கவைத்தவரைப் பார்த்து நானும் என் பங்குக்குச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆசிரியர் அறையில் அவரைப் போல டோர்ச்சைக் கடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் படுத்து நடித்துக் காட்டுவேன். நல்ல கைதட்டல் கிடைக்கும். ஒரு தடவை அவரே வாசலில் நின்று பார்த்துவிட்டு, "டோர்ச்ச இடது பக்கம் கடிக்கணும் சேர்" என்று திருத்திவிட்டுப் போனார்.

பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்றதே, அதற்கு அடுத்த வருஷம். டீச்சருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பதுளையில் டொக்டர் படம் எடுத்துப் பார்த்து, வெறும் நிலத்தில் படுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். குடிகாரனைக் கள்ளுக்கடைக்குப் போகாதே என்று சொன்ன மாதிரிதான். அவர் நான்கு பேரையும் வரிசையாகப் பார்த்தார். பி.டி. சேர் ஜீப்புக்கு அடியில் போனால் ஜீப்தான் மேலே எழும்பும். மற்ற இரண்டு பேரும் பெண்கள், வீட்டில் சம்மதிக்கமாட்டார்கள் என்று முந்திக்கொண்டார்கள். மீதி நான்.

நான் படுத்தேன். வட்டங்களைப் பார்த்தேன். இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் பார்த்தேன். மூன்றாவது வாரம் ஒரு விஷயம் புரிந்தது: கீழே படுத்தால் மேலே நிற்பவர்களுக்கு என் பாதங்கள் மட்டும்தான் தெரியும். மழையில்லாத, யாரும் கூப்பிடாத, கைத்தொலைபேசிக்கு நல்ல இடம்.

அந்த நேரத்தில்தான் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை வந்தது. எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேர். பரீட்சை நிலையம் பசறையில். தோட்டத்து லொறியில் ஏற்றிப்போவதாக ஏற்பாடு. கணிதப் பரீட்சைக்கு முந்திய நாள் மத்தியானம் லொறி பழுது என்று செய்தி வந்தது.

"நான் ஏத்திக்கிட்டுப் போறேன்," என்றார் டீச்சர். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சேர், பின்னுக்கு இடது ஸ்பிரிங்குல, மேல் பட்டையில, ஒரு செவப்பு வட்டம் போட்டிருக்கோம்தானே? அது கீறலா வெடிப்பா தெரியல. வட்டத்த அழிச்சிட்டு, நல்லா துடைச்சிட்டுப் பாருங்க. நகத்தளவுக்கு மேல ஓடியிருந்தா அது வெடிப்பு. அப்படின்னா நான் புள்ளைங்கள ஏத்த மாட்டேன், இப்பவே வேற வாகனம் தேடணும்."

நான் படங்கை விரித்துப் படுத்தேன். அன்று கைத்தொலைபேசியில் ஒரு கிரிக்கெட் போட்டி, கடைசி ஓவர் நடந்துகொண்டிருந்தது. ஓவர் முடிந்ததும் வெளியே வந்தேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். வெறும் கீறல்தான்."

"பாத்தீங்கதானே?"

"பாத்தேன் டீச்சர்."

மறுநாள் விடியவே நாங்கள் இருவரும் பதுளையிலிருந்து புறப்பட்டோம். தோட்டத்து ரோட்டில் ஏறும்போது நான்கு முறை "டங்" என்றது. டீச்சர் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"டீச்சர், பாக்கலியா?"

"நேத்து நீங்க பாத்தாச்சுதானே சேர்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதற்குப் பிறகு வெளியே பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒன்பது பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பரீட்சை எட்டரைக்கு. ஏழரை மணிக்கு, ரோட்டைக் குறுக்கே அறுத்து ஓடும் ஒரு தண்ணீர்க் கானில் பின் சக்கரம் விழுந்து எழும்பியது. வந்த சத்தம் "டங்" இல்லை. ஏதோ மரக்கிளை முறிந்ததுபோல இருந்தது. ஜீப் ஒரு பக்கம் சாய்ந்தது. டயர் மட்கார்டில் உரசி ரப்பர் நாற்றம் அடித்தது.

"எறங்குங்க எல்லாரும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் இறங்கினார்கள். நான் அடியில் போனேன். மேல் பட்டை இரண்டாக முறிந்து கிடந்தது. முறிந்தது அந்தச் சிவப்பு வட்டத்துக்கு நடுவிலேதான். முறிந்த முகத்தில் பாதி மின்னியது. மீதிப் பாதி துரு.

"சேர், முறிஞ்சிருக்கா?"

"ஆமாங்க டீச்சர்."

"பழைய காயமா, புதுக்காயமா?"

டொக்டர் அவரைப் படுக்கக் கூடாது என்றிருக்கிறார். பார்த்தவன் நான் ஒருவன்தான். வாய் தானாகச் சொன்னது.

"புதுசு டீச்சர்."

பிறகு எனக்குப் பக்கத்தில் படங்கு இழுபடும் சத்தம். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக உள்ளே வந்தார். முறிவைப் பார்த்தார். விரலால் துருவைத் தடவினார். எங்கள் இரண்டு முகங்களுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான்.

"பாதி பழசு சேர்," என்றார்.

அவ்வளவுதான். வெளியே வந்து கீழே பார்த்தார். நூறு கஜம் தள்ளி வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஓடை வரைக்கும் வெறும் பள்ளம். பட்டை அங்கே போய் முறிந்திருந்தால் ஜீப் எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று எனக்குக் கணக்குத் தெரியாமலே தெரிந்தது.

"தேயில மலைக்குள்ளால குறுக்குப் பாத இருக்கு. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எறங்குங்க. சந்தியில எந்த வாகனம் வந்தாலும் மறிங்க."

"நீங்க, டீச்சர்?"

"என்னைய மலைக்கு வர்ற ஆளுங்க பாத்துக்குவாங்க. நீங்க ஓடுங்க. புள்ளைகளா, பேனை இருக்கா? அனுமதி அட்ட இருக்கா? விடைய எழுதிட்டு ஒரு தடவ திருப்பிப் பாருங்க. பாத்தேன்னு சொல்லக் கூடாது. பாக்கணும்."

அது எனக்குச் சொன்னதில்லை. ஆனால் ஒன்பது பிள்ளைகளையும் தாண்டி என்னிடம்தான் வந்து சேர்ந்தது.

ஓடினோம். ஒரு பிள்ளையின் சப்பாத்து சேற்றில் போனது. அவள் வெறுங்காலோடு ஓடினாள். சந்தியில் ஒரு மரக்கறி லொறியை நடுரோட்டில் நின்று மறித்தேன். ஓட்டி வந்தவர் ஒரு முஸ்லிம் அண்ணன், எங்கள் பக்கத்தில் நானா என்போம்; கோபமாகத் தலையை நீட்டினார்.

"என்ன சேர், சாகப் பாக்குறீங்களா?"

"அடி டீச்சரோட புள்ளைங்க நானா. சோதனைக்குப் போகணும்."

"அடி டீச்சரா? ரெண்டு மாசத்துக்கு முந்தி பெட்ரோல் செட்டுல வச்சு என்ட லொறிக்குக் கீழ பூந்து, ஷொக் கழண்டு நிக்குதுன்னு காட்டிக் கொடுத்தாங்களே! ஏறுங்க, ஏறுங்க. லீக்ஸ் மேல மட்டும் உக்காந்துராதீங்க."

எட்டு இருபதுக்குப் பசறைப் பரீட்சை நிலைய வாசலில் ஒன்பது பேரும் இறங்கினார்கள்.

டீச்சர் ஒன்பதரைக்கு வந்தார். ஜீப் ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தாழ்ந்து, நொண்டி நொண்டி வந்தது. அக்சலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பாடசாலைக்கு ஆள் அனுப்பி எடுத்த உடைந்த வாங்கின், அதாவது பெஞ்சின், காலொன்றைச் செருகி, கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார். அதற்காக இன்னொரு தடவை அடியில் போயிருக்கிறார். எஞ்சினை நிறுத்தினார். இறங்கவில்லை.

"எறங்க முடியல சேர். முதுகு பூட்டிக்கிச்சு. புள்ளைங்க நேரத்துக்கு வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க டீச்சர்." நான் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "டீச்சர், நேத்து நான் பாக்கல."

"தெரியும் சேர்."

"எப்படி?"

"வட்டத்த அழிச்சவங்க வெரலு செவந்திருக்கணும். நேத்து வீட்டுக்குப் போறப்போ ஒங்க கை சுத்தமா இருந்திச்சு. கண்ணுல பட்டிச்சு, மனசுல படல. அந்தக் கானுகிட்ட வட்டம் அழியாம இருந்தத பாத்தப்போதான் ஞாபகம் வந்திச்சு." டாஷ்போர்டிலிருந்து கொப்பியை எடுத்தார். "நீங்களும் குனியல. ஒங்கள நம்பி நானும் குனியல. கொப்பியில ரெண்டு பேரு பேரையும் எழுதிக்குவோம்."

எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

பரீட்சை முடிந்து வந்த பிள்ளைகள்தான் அவரைத் தூக்கி இறக்கினார்கள். நிலையத்திலிருந்து ஒரு நீள வாங்கைக் கேட்டு வாங்கி, அதில் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வேனுக்குத் தூக்கிப் போனார்கள். தூக்கிப் போகும் வழியெல்லாம் டீச்சர் மல்லாந்தபடி கேட்டுக்கொண்டே போனார்: "மூணாங் கேள்விக்கு என்னா வந்திச்சு? எக்ஸ் எவ்வளவு? அட, மைனஸ் சயின மாத்திட்டியேடா! நில்லுங்க, வாங்கக் கீழ வைங்க!" வாங்கைக் கீழே வைத்து, கணக்கைத் திருத்திவிட்டுத்தான் வேனில் ஏற்றினார்கள்.

ஆறு வாரம் படுக்கை என்றார்கள். ஜீப் கராஜில் நின்றது. நாங்கள் நான்கு பேரும் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த மூன்று மைலும் நடந்தோம். பி.டி. சேர் எப்படியும் ஓர் அங்குலம் இளைத்திருப்பார். அளந்து சொல்லத்தான் ஆளில்லை. எங்கும் "டங்" இல்லை, பிரேக் இல்லை, மழையில் குடை பிடித்து நிற்க வேண்டியதில்லை. அந்த ஆறு வாரமும் நாங்கள் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகவில்லை. பாடசாலை அதிபர் காலைக்கூட்டத்தில் எங்களைப் பாராட்டினார்.

எங்களில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.